மூடியின் பின்பக்கம்

27 அக்டோபர் 1936, செவ்வாய். ராஜபாளையம்

காலையில் தேவதானத்துக்கு ஒரு சவாரி. பெண் பார்க்கப் போன கூட்டம், ஐந்து பேர் உட்காரும் மோட்டார் வண்டியில் ஒன்பது பேர். போகும்போது ஒரே கலகலப்பு, திரும்பும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கென்ன, வண்டி சமர்த்தாக ஓடியது. பத்து வருஷத்துப் பழசு என்று எவனாவது சொன்னால் அடிக்கப் போவேன்.

சனிக்கிழமை ஆயுத பூஜைக்குச் சோணைமுத்து வைத்த சந்தனத்தை இன்றைக்குத்தான் துடைத்தேன். விளக்கு, ஸ்டீயரிங், நாலு சக்கரம், ஓர் இடம் விடவில்லை மனிதர். வண்டி எங்கள் இருவருக்கும் பொது. நான் ஓட்டுவேன், பழுது பார்ப்பேன். அவர் முன்னால் நின்று ஹேண்டில் சுற்றிக் கிளப்புவார், சவாரி பிடிப்பார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, தடுத்ததும் இல்லை. இந்த வருஷம் வழக்கத்தைவிட அதிகம். "தங்கச்சி மாசமா இருக்கால்லா மாப்ள" என்றார். என் மனைவி தேவகிருபையைக் கூடப்பிறந்தவளாகவே நினைக்கிறார்.

பூஜைக்கு முந்தின நாள், "வண்டிக்கு உசுரு எங்கன இருக்கு?" என்று கேட்டார். நானும் பெரிய வாத்தியார் மாதிரி பானட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியைக் காட்டினேன். "இதுல இருந்துதான் மச்சான் நாலு பிளக்குக்கும் பொறி பிரிஞ்சு போவுது. இது நின்னா எல்லாம் நின்னுரும்." கையெடுத்துக் கும்பிட்டார். சிரித்துவிட்டேன்.

9 நவம்பர்

மழை. வண்டி கிளம்ப அடம். பிளக்கைச் சுத்தம் செய்தேன். வெயில் வந்ததும் சரியாகிவிட்டது.

16 நவம்பர்

மறுபடியும் மழை, மறுபடியும் அடம். மூடியைக் கழற்றி உள்ளே துடைத்து, அடியில் பொறியை எழுப்பும் பாயிண்டைத் தேய்த்துவிட்டேன். வயசாகிவிட்டது, அவ்வளவுதான். "எனக்கும் அதுக்கும் ஒரே சீக்கு. காலையில எந்திரிக்க முடியல" என்கிறாள் கிருபை. எட்டு மாதம்.

2 டிசம்பர்

எழுத முடியவில்லை.

5 டிசம்பர், சனி

மூன்று நாளாகிவிட்டது. எழுதினால்தான் அடங்கும் போலிருக்கிறது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி இருளம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. "பிள்ள குறுக்க கெடக்கு நேசையா. என்னால ஆவாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு." ஏழு மைல். என் வண்டிக்கு அரை மணி நேரம். விடியலிலிருந்தே தூறல், வண்டி முக்கி முனகித்தான் கிளம்பியது. பாதி வழியில், கண்மாய்க் கரையில் மழை வலுத்தது. வண்டி இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பொறி இல்லை. பாயிண்டைத் துடைத்தேன். வயரை ஒவ்வொன்றாக அழுத்தினேன். சோணைமுத்து சுற்றிக்கொண்டே இருந்தார், உள்ளங்கை கிழிந்து ஹேண்டிலெல்லாம் ரத்தம். பின் சீட்டில் கிருபை கத்திக்கொண்டிருந்தாள். பிறகு கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வைக்கோல் ஏற்றி வந்த சங்கையா பாரத்தை ரோட்டோரம் தள்ளிவிட்டு அவளைத் தன் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டார். போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கிருபை பிழைத்தாள். குழந்தை இல்லை. பெண். "ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஞானரத்தினம் என்று பேர் வைத்திருந்தோம், ஆணோ பெண்ணோ. கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பிள்ளை இவ்வளவுதான் கனமா?

8 டிசம்பர்

சோணைமுத்து வண்டியில் மாட்டைப் பூட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டிருக்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை.

14 டிசம்பர்

கிருபை வீட்டுக்கு வந்துவிட்டாள். சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். சாயங்காலம் திரும்பாமலே கேட்டாள்: "வண்டி ஏன் நின்னுச்சு?"

தெரியவில்லை என்றேன்.

"உங்களுக்கா தெரியல? கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு எல்லாரும் சொல்லுதாக. அது எனக்கு வேண்டாம். வண்டி ஏன் நின்னுச்சு, அதக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

17 டிசம்பர்

நல்ல வெயில். ஒரே சுற்றில் கிளம்பியது, சண்டாள வண்டி. இப்ப மட்டும் எப்படி ஓடுது? அன்னைக்கு எங்க போச்சு இந்த ஓட்டம்? ஸ்பானரை வீசி எறிந்துவிட்டேன். பிறகு நானே போய் எடுத்து வந்தேன்.

பொறிக்கு மின்சாரம் கூட்டித் தரும் காயில் நன்றாக இருக்கிறது. கன்டென்சர் நன்றாக இருக்கிறது. பாயிண்ட் இடைவெளி சரி. வயரில் வெடிப்பு இல்லை. நிற்பது மழையில் மட்டும். அப்படியானால் மழையைத்தான் கொண்டுவர வேண்டும்.

18 டிசம்பர்

சோணைமுத்து சந்தைக்குப் போயிருந்தார். கொட்டகை வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். வண்டியை ஓடவிட்டு, கிருபை கோலத்துக்குத் தெளிப்பதுபோல் கையில் தண்ணீர் அள்ளி ஒவ்வோர் இடமாகத் தெளித்தேன். காயிலில் தெளித்தேன், ஒன்றுமில்லை. வயரில், ஒன்றுமில்லை. மூடியில் தெளித்ததும் இருமியது. குனிந்து பார்த்தேன். மூடிக்குப் பின்னால், எஞ்சினை ஒட்டின பக்கம், நீலமாக ஒரு பொறி ஊர்ந்து இரும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி.

கழற்றித் திருப்பினேன். எண்ணெய் அழுக்குக்கு அடியில், வயர்கள் சொருகும் இடங்களுக்கு நடுவே, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்திருக்கும்வரை தொந்தரவில்லை, ஈரம் பட்டால் பொறி அதன் வழியே ஓடிவிடுகிறது. நகத்தால் சுரண்டினால் அடியில் முடி கனத்துக்குக் கருகல் கோடு.

கும்பிட்டாரே அன்றைக்கு. உசுருக்கே பொட்டு வைத்திருக்கிறார்.

அவரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. உசுரு எங்கே என்று காட்டினவன் யார்? இரண்டு மழையில் அடம் பிடித்தபோது, உள்ளே துடைத்தவனுக்குத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கருகல் போகச் சுரண்டித் துடைத்து மாட்டினேன்.

19 டிசம்பர்

சோணைமுத்து முருங்கைக்கீரை கொண்டுவந்தார். கையில் இன்னும் கட்டு. "ரெண்டு தரம் கை எரியுதுன்னு நிறுத்திட்டேன் மாப்ள. விடாமச் சுத்தியிருந்தா கிளம்பியிருக்கும்லா?"

வாய்வரை வந்தது. "இல்ல மச்சான். எம்புட்டுச் சுத்தினாலும் கிளம்பியிருக்காது" என்று மட்டும் சொன்னேன்.

20 டிசம்பர்

கிருபையிடம் சொல்லிவிட்டேன். பாயிண்ட் இடைவெளியை நான் சரியாக வைக்கவில்லை, என் கைப்பிழை என்று.

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். "மழைன்னா மக்கர் பண்ணுதுன்னு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

அது பொய்யில்லை. அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

7 பிப்ரவரி 1937, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு நடந்தே போகிறாள். வண்டி இருக்கும் பக்கம் பார்ப்பதில்லை. என் பக்கமும்.

13 அக்டோபர் 1937, புதன்

ஆயுத பூஜை. காலையிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவில்லை. சோணைமுத்து சந்தனக் கிண்ணத்தோடு வந்து முதல் வேலையாகப் பானட்டைத் தூக்கப் போனார். என்னை அறியாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"உள்ள வேண்டாம் மச்சான், சூடா இருக்கு. விளக்குக்கு வைங்க."

"போன வருசம் உள்ளதான வச்சேன்" என்றார், குறையோடு. ஆனாலும் கேட்டுக்கொண்டார். விளக்குக்கும் சக்கரத்துக்கும் வைத்துவிட்டுப் பொரிகடலை கொடுத்துவிட்டுப் போனார்.

கிருபை வாசலில் நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அவர் தெருமுனை திரும்பியதும் இறங்கி வந்தாள். பத்து மாதத்தில் முதல்தடவையாக வண்டிக்குப் பக்கத்தில். பானட் மேல் உள்ளங்கையை வைத்தாள். வண்டி சில்லென்று இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாயிண்டுன்னு சொன்னீங்க" என்றாள்.

அவள் கையை எடுக்கவில்லை. "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"தெரிய வேண்டாம்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

17 அக்டோபர், ஞாயிறு

தூறல். ஒரே சுற்றில் கிளம்பியது. சோணைமுத்து சுற்றினார். கோயிலுக்குக் கிருபை வண்டியில் வந்தாள்.