உங்கள் பேரில் வந்த செய்திகள்

அம்மிணி,

இன்றைக்குக் காலையில் எங்கள் கம்பெனியில் பெண்கள் கழிப்பறைக் கதவில் புதிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடையும் பினாயில் வாடையும் கலந்து அடித்தது. 'உங்கள் மனம், எங்கள் அக்கறை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். முன்பு கம்பெனியின் மனநல ஆப்பில் உங்கள் பெயருக்குப் பக்கத்திலும் இதே படத்தைத்தான் வைத்திருந்தார்கள். "அது யாரோ விளம்பரத்துக்கு நடிச்ச பிள்ளைக்கா. நான் அவ்வளவு நெறம்லாம் கெடையாது" என்று நீங்கள் ஒருமுறை சொல்லிச் சிரித்தீர்கள். வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

பனியனில் ஓட்டை, கறை, தையல் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் பிரிவில் நான் சூப்பர்வைசர். என் கண்ணுக்குத் தப்பி ஒரு கறை போகாது என்று பெயர். அப்படிப்பட்டவள் ஒரு நாள் கறை பட்ட பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் நின்றேன். அதற்கு முன்பே சோற்றைக் கண்டால் ஓங்கரிப்பு வந்துகொண்டிருந்தது. சோப்பு வாசனை பிடிக்கவில்லை. என் தலைமுடியைத் தொட எனக்கே அருவருப்பாக இருந்தது. டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுவேன். "உனக்கு என்ன குறைன்னு சொல்லு" என்று வீட்டுக்காரர் கேட்டார். சொல்ல ஒரு குறையும் இல்லை. அதுதான் சிக்கல்.

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்று அந்தச் சமயத்தில்தான் எல்லோர் செல்போனிலும் அந்த ஆப்பைப் போடச் சொன்னார்கள். அதில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம், கவுன்சலர் என்று சொல்லி நீங்கள் கூப்பிட்டீர்கள்.

நான் "மேடம்" என்றேன். "மேடம்னா எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் நெனப்பு வருதுக்கா, வேண்டாம்" என்றீர்கள். என்னைவிட இளைய குரல். எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மிணி என்று கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்தில் உங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று சொல்லி, அதையே வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள்.

சாமளாபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறி ஓடும்போது நான் பேசுவது யாருக்கும் கேட்காது, ஆனால் நீங்கள் பேசுவது எனக்கும் கேட்காது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனித் துணி ரூமுக்குள் போய், சுருட்டி அடுக்கிய துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே குரல் எதிரொலிக்காது. எவ்வளவு அழுதாலும் துணி வாங்கிக்கொள்ளும்.

மனசு எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்டதே இல்லை. "காலைல என்ன சாப்பிட்டீயக்கா?" என்பீர்கள்.

"ஒண்ணும் இல்லீங்க அம்மிணி. வாயில வெக்க முடியலீங்க."

"சரி. நாளைக்கு ஒரு இட்லி. ருசிக்காண்டாம், முழுங்குனாப் போதும். தலைக்குக் குளிச்சு எத்தன நாளாச்சு?"

சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். நீங்கள் முகம் சுளிக்கவில்லை என்பது முகத்தைப் பார்க்காமலே தெரிந்தது. அப்படித்தான் இட்லியில் தொடங்கி, குளியலுக்கு வந்து, சாயங்காலம் கொஞ்ச தூரம் நடப்பதற்கு வந்து, கார்த்திகை மாதம் பிறந்தபோது நான் பஸ்ஸில் அழாமல் வேலைக்குப் போய் வந்தேன். மாத்திரை எழுத வேண்டும் என்று பெரியாஸ்பத்திரி மனநல டாக்டரிடம் அனுப்பியதும் நீங்கள்தான். "நான் பேசத்தான் முடியும்க்கா. மாத்திரை அவுக தருவாக. ரெண்டும் வேணும்" என்றீர்கள்.

தைக்குப் பிறகு உங்கள் அழைப்பு நின்றது. எழுத்தில் மட்டும் செய்தி வந்தது. 'இன்றைய உங்கள் மனநிலைக்கு ஒரு புன்னகையைத் தேர்ந்தெடுங்கள்.' மேலே உங்கள் பெயர். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து நானும் பதில் எழுதினேன். சோறு இறங்கவில்லை என்று எழுதினால், 'உங்கள் உணர்வைப் பகிர்ந்ததற்கு நன்றி' என்று வந்தது. உங்களுக்கு என்மேல் சலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னைப் பழையபடி கீழே இழுத்தது. ஒரு நாள் துணி ரூமில் உட்கார்ந்து, 'இருந்து என்ன பண்றதுன்னு இருக்குதுங்க அம்மிணி' என்று எழுதினேன். 'அருமை! ஐந்து முறை ஆழமாக மூச்சு விடுங்கள்' என்று பதில் வந்தது. கூடவே ஒரு மஞ்சள் முகம் கைதட்டியது.

அதை அனுப்பியது நீங்கள் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஒருமுறை ஆப் வேலை செய்யாதபோது உங்கள் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து கூப்பிட்டீர்களே, அது என் செல்போனில் இருந்தது. கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன். அவர் என் பெயரை ஒருமுறை திருப்பிக் கேட்டார். பிறகு, "அவ போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சும்மா. மூளையில ரத்தக்கட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார்.

"இன்னிக்குக்கூட அவங்க பேர்ல மெசேஜ் வந்துச்சுங்க."

"அவ பேர்லயா?" என்று கேட்டார். மறுபடியும், "அவ பேர்லயா?" என்றார்.

மாலை போட்ட உங்கள் படத்தை அன்று சாயங்காலம் அனுப்பினார். அகலமான நெற்றி, மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் எடுப்பான பல். அப்போதுதான் உங்களை முதன்முதலாகப் பார்த்தேன். தறிக்கூடத்துக்குப் பின்னால் நின்று சத்தம் போட்டு அழுதேன்.

மறுநாள் எச்.ஆர். தம்பியிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அது கம்ப்யூட்டர்ல இருந்து தானாப் போறதுங்கக்கா. திடீர்னு ஆள் மாறினா பேசறவங்க மனசு ஒடஞ்சுருமின்னு அதே பேர வெச்சிருக்கறாங்க. நல்லதுக்குத்தானுங்க."

"செத்தவங்க பேர்லீங்களா?"

"கம்ப்ளைண்டுன்னு குடுத்தீங்கன்னா நீங்க கவுன்சலிங் எடுக்கறது மேல இருக்கற எல்லாத்துக்கும் தெரிஞ்சுருமுங்க. சூப்பர்வைசர் வேலைங்க. யோசிச்சுக்கங்க."

பணிவாகத்தான் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு ஒருவரை மிரட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எச்சில் இலையைக் கையில் கொடுத்தது போல இருந்தது எனக்கு.

செக்கிங் மேசைக்குத் திரும்பி வந்தேன். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

"எனக்கு மன அழுத்தம் இருக்குது. மாத்திரை சாப்பிடறேன். போன்ல ஒருத்தங்க வைத்தியம் பாத்தாங்க. அவங்க இப்ப உசுரோட இல்லை. ஆனா அவங்க பேர்ல எனக்கு இன்னும் மெசேஜ் வருது."

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் செல்வி, கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தாள். உங்கள் பெயரைச் சொல்லி, "அவங்களாக்கா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

"எனக்கும் வருதுக்கா. நேத்து வீட்டு விசயமெல்லாம் எழுதுனேன். அப்ப நான் யார்கிட்டக்கா சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

அவள் செல்போனை மேசையில் தள்ளிவிட்டு, விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசைப் பெண்கள் எல்லோரும், உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி எச்.ஆர். அறைக்குப் போனோம். எங்கள் கம்பெனிக்காரர்களின் ஆப்பிலிருந்து அந்த வாரமே உங்கள் பெயர் போனது. மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் பெயர் இருந்த இடத்தில் 'உங்கள் தோழி' என்று போட்டுவிட்டார்கள். செய்திகள் அப்படியேதான் வந்தன. நான் ஆப்பையே அழித்துவிட்டேன். என் வேலை போகவில்லை. ஆனால் பேக்கிங் மேனேஜர் இப்போது என்னிடம் பச்சைக் குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். நான் வேண்டுமென்றே வேகமாகப் பதில் சொல்கிறேன்.

போனில் பார்க்கிற வைத்தியமே ஏமாற்று என்கிறார் வீட்டுக்காரர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் நீங்கள் இருந்தவரை அது வைத்தியம்தான். இப்போது பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்ன வேறொருவரிடம் போனில் பேசுகிறேன். முதல் நாள் "நிசமாலுமே ஆள்தானுங்களா?" என்று கேட்டேன். அவருக்கு இருமல் வந்தது. நிம்மதியாக இருந்தது.

போன வாரம் பஸ் கிடைக்காமல், விடுதிப் பெண்கள் போகும் கம்பெனி வேனில் ஏறினேன். செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல்லடம் ரோட்டைப் பார்த்தபடி அவள் அப்பாவைப் பற்றி என்னிடம் ஒன்று சொன்னாள். சமாதானமாக ஏதாவது சொல்லிவிட என் வாய் பரபரத்தது. நீங்கள் ஒருநாளும் உடனே பதில் சொன்னதில்லை, அம்மிணி. நான் சொன்னதை முழுசாக வாங்கிக்கொள்ளும்வரை அந்தப் பக்கம் நீங்கள் மூச்சு விடுவது மட்டும்தான் கேட்கும். அதை நினைத்துப் பேசாமல் இருந்தேன். வேன் வெகுதூரம் போயிற்று.

"இன்னும் ஒண்ணு இருக்குக்கா" என்றாள் செல்வி.