பிள்ளையார் சுழி போட்ட பதில்கள்

12.2.2008, செவ்வாய். கோவில்பட்டி.
எம்.எஸ்சி. ஆய்வுக்கான கேள்வித்தாள்களை இன்று நிரப்பி வாங்கினேன். ஆராய்ச்சி முடிவுகளைப் பார்த்து நோயாளியைக் கவனிப்பதில் நர்சிங் மாணவிகளுக்கு எவ்வளவு நம்பிக்கை, வார்டில் எவ்வளவு செய்கிறார்கள் — இதுதான் என் ஆய்வு. பெயர் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி; சிலதில் சிலுவை. பக்கத்தில் பதிவெண் வேறு. பரீட்சையாம்! பதிலும் ஒரே அச்சு: ‘முழுமையாக ஏற்கிறேன்’, ‘எப்போதும் செய்கிறேன்’. வார்டு சிஸ்டர் ராஜமணி பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேறு எப்படி எழுதுவார்கள்?

13.2.2008
வழிகாட்டி மேடம் போனில்: “இதை வச்சு என்ன எழுதுவே? மறுபடி எடு. இல்லைன்னா அடுத்த வருஷம்தான்.” அடுத்த வருஷமா! அப்பாகிட்ட எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? சோறு இறங்கலை.

16.2.2008, சனி
மறுபடி எடுக்கப் போனேன். சிஸ்டரை வெளியே இருக்கச் சொல்லிக் கேட்டேன். முறைத்துவிட்டுப் போனார். மாணவிகளிடம், சுழியும் வேண்டாம், நம்பரும் வேண்டாம், தாளை மடித்து அட்டைப்பெட்டியில் போடுங்கள் என்றேன். கழுகுமலைப் பெண் ஆவுடைத்தாய் எழுந்தாள்.
“அக்கா, படுத்தே கெடக்கவங்களுக்கு முதுகு செவந்தா தேய்க்கக் கூடாது, புண்ணாயிரும்னு படிச்சிருக்கோம். வார்டுல ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கச் சொல்லுதாவ. தேய்க்கத்தான் செய்யுதோம். எதை டிக் அடிக்க?”
“ரெண்டையும் உள்ளபடி அடி.”
“சிஸ்டருக்குத் தெரிஞ்சிட்டா?”
“யாரு தாள்னு எனக்கே தெரியாதுட்டி.”
ஹால் முழுக்கச் சிரிப்பு.

17.2.2008
ஒரு தாள் மாதிரி இன்னொன்று இல்லை. நம்பிக்கை மலையளவு, செய்வது கடுகளவு. அப்பாடா!

20.2.2008
மேடம்: “இதுதாம்மா ஆராய்ச்சி. எழுத ஆரம்பி.” குளியலறைக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

9.5.2008, வெள்ளி
தேறிவிட்டேன். ஆய்வின் நகலைக் கொடுக்கப் போனேன். ராஜமணி சிஸ்டர் வார்டிலேயே நின்றுகொண்டு புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.
“இந்த ஸ்பிரிட் விஷயத்தை யாருட்டி எழுதுனது?”
“தாள்ல பேரே கிடையாது, சிஸ்டர்.”
என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:
“ஏட்டி ஆவுடை, ஸ்பிரிட்டைக் கொண்டு அலமாரில வை. அந்தப் படுக்கைல கெடக்க தாத்தாவைத் தேய்க்க வேண்டாம், திருப்பி மட்டும் படுக்கப் போடு.”
ஆவுடைத்தாய் என் பக்கம் பார்க்கவே இல்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.