கண்ணாடி இல்லாத ஏ.சி. கார்

என் ஆசை அண்ணனுக்கு,

உன் காருக்குப் போன வாரம் புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. பின்சீட்டில் இடது பக்கம், நீ உடைத்தாயே, அதே இடத்தில். கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

என் முதல் பிரசவத்துக்குச் சித்திரை வெயிலில் வெள்ளானூரிலிருந்து பஸ்ஸில் போனபோது வழியிலேயே மயங்கி விழுந்தேன். அதை நீ மறக்கவே இல்லை. மறுபடி முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும், "இந்த வாட்டி உன்னை ஜில்லுனு இட்டுகினு போறேன் பாரு" என்றாய். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் சும்மா இருப்பாயா? யாரோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிப் போட்ட ஏ.சி.யைத் தூக்கிவந்து, மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அந்தக் கிழட்டுக் காரோடு மல்லுக்கட்டினாய். வீட்டில் ஃபேன் இல்லை, காருக்கு ஏ.சி.யா என்று அண்ணி திட்டியது உன் காதில் ஏறவில்லை. குளிர் வெளியே போகக்கூடாதென்று சைக்கிள் டியூபை வெட்டிக் கண்ணாடி இடுக்கெல்லாம் ஒட்டினாய். அங்கேதான் உன் அதிபுத்தி வேலை செய்தது.

வலி எடுத்த அன்று அம்பத்தூர் வரைக்கும் நான் மகாராணி. நிஜமாகவே குளிர்ந்தது. ஆனால் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றதும் என்ஜின் கொதித்து, ஏ.சி.யை நிறுத்தவேண்டியதாயிற்று. கண்ணாடியை இறக்கலாமென்றால் ஒன்றும் அசையவில்லை, நீ ஒட்டிய ஒட்டு அப்படி. கதவைத் திறந்து வைத்தாய். கேட் திறந்த பிறகு கதவைத் திறந்துகொண்டா ஓட்டுவது? எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் எறங்கி அப்பால நில்லுமா" என்றாய். ஜாக்கிக் கம்பியால் ஒரே போடு. மூன்று மாத உழைப்பு. ஒரு விநாடி யோசித்தாயா நீ? அந்த ஓட்டை வழியாக வந்த காற்றில்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். அன்று பிறந்த உன் மருமகன் இப்போது இரண்டாம் வகுப்பு.

அதற்கப்புறம் ஏன் அண்ணே கண்ணாடியே போடவில்லை? ஜன்னல் திறந்து கிடந்தால் ஏ.சி. எதற்கு ஆகும்? எப்போது கேட்டாலும், "உனக்குக் காத்து வேணும்ல" என்று சிரிப்பாய். மழைக்கு ரெக்ஸின் படுதா கட்டியே ஓட்டினாய், சாகிறவரைக்கும்.

இப்போது காரணம். உன் மகள் தேவிக்கு இது நிறைமாசம். சித்திரைக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். உன் மாப்பிள்ளை டியூப் ரப்பரையெல்லாம் சுரண்டி எடுத்து, உன் கூட வேலை பார்த்தவரைக் கூப்பிட்டு ஏ.சி.க்குக் கேஸ் நிரப்பினார். நேற்று தேவியை வைத்து ஒத்திகை பார்த்தோம். கேட்டில் நின்றதும் ஏ.சி.யை நிறுத்தி, நான் கண்ணாடியை இறக்கினேன். மளமளவென்று இறங்கியது.

"அப்பா இன்னாத்துக்கு அத்தை இதுக்குக் கண்ணாடியே போடாம வெச்சிருந்தாரு?" என்றாள். கண்ணாடியை மறுபடி ஏற்றிப் பேச்சை மாற்றிவிட்டேன். மனசு உன்னை அவ்வளவு தேடுகிறது அண்ணே.

அவளுக்கு வலி எடுக்கிற அன்றைக்குப் பக்கத்தில் நான்தான் உட்காருவேன், அப்போது சொல்கிறேன். வண்டி ஓடும்போது உன் ஏ.சி., நின்றால் நான் இறக்குகிற கண்ணாடி. ஜாக்கிக் கம்பியையும் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இறங்காவிட்டால், உன்னைப் போலவே நானும் யோசிக்க மாட்டேன்.

நீ யாருக்குக் காற்று விட்டுவைத்தாயோ அந்தத் தங்கச்சி,
கஸ்தூரி