பதினைந்தாவது புள்ளி

செகெத், மார்ச் 9, ஞாயிறு

அன்பு மகள் எமேக்கேவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே மாண்ட்ரியலில் குளிர் விட்டு உன் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். இன்று மீன் சூப்பில் அம்மா மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுவிட்டு, வழக்கம்போல என்னைத்தான் முறைத்தாள். உன் கடிதத்தைப் படித்தோம். இந்தக் கோடையோடு வாள்வீச்சை விடுவது உன் இஷ்டம், ஆனால் அப்பா அன்றைக்குச் சொன்னதுபோல என் கை தாமதம்தான் என்று காரணம் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எட்டு வருஷமாக மறைத்ததைச் சொல்கிறேன், கோபம் வந்தாலும் கடைசிவரை படி. தேசிய அணிக்கான தேர்வில் நடுவர் காய்ச்சலில் படுத்துவிட, உன்னோடு மோத நின்ற விராகின் பயிற்சியாளரே என்னைக் காட்டி, லோராந்த் பெத்த பொண்ணுன்னும் பாக்க மாட்டாரு, அவரே நிக்கட்டும் என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். அந்தப் பேச்சில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினான்குக்குப் பதினான்கு, அடுத்த புள்ளி எடுப்பவளுக்கே வெற்றி. இருவரும் பாய்ந்தீர்கள், வாள் பட்டதைக் காட்டும் இரண்டு விளக்கும் எரிந்தன, முதலில் பாய்ந்தவளுக்கே புள்ளி, அது யார் என்று சொல்ல வேண்டியவன் நான். நீதான் முதலில். என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும், மகளுக்குத் தூக்கிக் கொடுத்துட்டான் என்று பேசுவார்களே என்று பயந்து விராக் பக்கம் கையைத் தூக்கினேன். நீ முகமூடியைக் கழற்றி எனக்கு வாளால் வணக்கம் வைத்தாய். வீடு திரும்பும்போது, ஏம்பா, நான் என்ன தப்புப் பண்ணேன் என்று கேட்டாய். உன் கை தாமதம் என்றேன். அந்தப் பொய்யை நம்பிப் பாய்ச்சலையே மாற்றினாய், முழங்காலையும் கெடுத்துக்கொண்டாய். வெட்கமாக இருக்கிறது, கண்ணு. நேர்மையானவர் என்று ஊரார் சொன்னபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

நேற்று விராகைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். அன்னிக்கே தெரியும் மாமா, தோத்துட்டோம்னு நான் முகமூடியக் கழட்டக் கைய வெச்சுட்டேன், நீங்க என் பக்கம் தூக்கினீங்க என்றாள். இனி என்னை நடுவராகக் கூப்பிட வேண்டாம் என்று சங்கத்துக்குக் காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நோகாமல் நன்றாக இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கட்டுப் போடாமல் களத்தில் இறங்காதே. அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான், அவளும் கையெழுத்துப் போடட்டும் என்று பேனாவை நீட்டினேன். நீ பண்ணதுக்கு நீயே கையெழுத்துப் போடு என்று எழுந்து போய்விட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா மட்டும்,
லோராந்த்