தட்டிவிட்டுப் போடும் குப்பை

டிசம்பர் 4
என் வீட்டுக்காரர் சரத்துக்கு வாய் சும்மா இருக்காது. பாலர் பள்ளியில் கிறிஸ்துமஸ் பார்ட்டியாம். நம்ம வீட்டில் புகைபோக்கி இல்லையே, பரிசு கொண்டுவரும் சாண்டா தாத்தா எப்படி வருவார் என்று மகள் இனியா கேட்டிருக்கிறாள். சரத் சமையலறைச் சுவரில், மாடியிலிருந்து கீழே குப்பை போடும் பெரிய குழாயைக் காட்டிவிட்டார். சிங்கப்பூரில், அதுவும் தேக்காவின் பழைய அடுக்குமாடி ப்ளாக் என்றால் சாண்டா வருவது அந்த வழிதானாம். என்ன மனுஷனோ!

டிசம்பர் 7
இனியா போட்ட புதுச் சட்டம். குப்பை போடும் முன் குழாய் மூடியை மூன்று தட்டு தட்ட வேண்டும், சாண்டா ஒதுங்கிக்கொள்ள. தட்டாமல் மீன் செதிலைப் போட்டுவிட்டேன். ஆறு வயசுக்காரி தேம்பித் தேம்பி அழுதாள்.

டிசம்பர் 12
இனியாவுக்கு ஜனவரி ஐந்தில் டான்சில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழுந்திருப்பேனா என்று கேட்டாள். எழுந்திருப்பே, கண் திறக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன் என்றேன். உடனே நம்பினாள். அதுதான் உறுத்துகிறது. குழாய்க் கதையையும் இப்படித்தானே நம்பினாள்?

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சரத்திடம் சொன்னேன். சாங்கி ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றிவிட்டு வந்த அலுப்பு அவருக்கு. "பிள்ளைக்கு ஒரு சந்தோஷம் லா, விடேன்." எங்கே விடுவது?

டிசம்பர் 19
சொல்லிடலாமா? வேணாமா?

டிசம்பர் 25
பரிசு வந்தது. குழாய் மூடிக்கு முத்தம் கொடுத்தாள். வாயைக் கழுவிவிட்டேன்.

டிசம்பர் 26
செங்காங்கில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவள் மகள் கவிப்ரியா போட்டு உடைத்துவிட்டாள், பரிசு வைப்பதெல்லாம் உங்கப்பாதான் என்று. இனியா அழவில்லை. எம்ஆர்டி ரயிலில் என் கையை விட்டுவிட்டுக் கேட்டாள்:

"அப்ப நான் எழுந்திருப்பேன்னு சொன்னது? அதுவும் இப்படித்தானாம்மா?"

ஐயோ. சாண்டா, அப்பா ஆசையா சொன்ன கதை. இது நிஜம் — நிஜம்டி என்றேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே பொய் மாதிரி கேட்டது. பாக்கலாம் என்றாள். ஆறு வயசுல பாக்கலாமாம்! சரத் மேல கோபம் கோபமா வருது. நானுந்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

டிசம்பர் 30
யாரும் குழாயைத் தட்டுவதில்லை. இன்று சரத் பழக்கத்தில் மூடியைத் தட்டக் கையைத் தூக்கினார், இனியாவைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார். பாவமாக இருந்தது. திட்ட வைத்திருந்ததைத் திட்டவில்லை.

ஜனவரி 5
நர்ஸ் கூப்பிட்டதும் ஓடினேன். இனியா கண் திறக்கும்போது பக்கத்தில் இருந்தேன். என்னையே பார்த்தாள். என் விரலைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

ஜனவரி 7
ஐஸ்கிரீம் மட்டும்தான் இறங்குகிறது. காலி கப்பை எடுத்துக்கொண்டு இனியா சமையலறைக்குப் போனாள். மூடியை மூன்று தட்டு தட்டிவிட்டுப் போட்டாள். ஹாலில் இருந்த சரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சிரிப்பு.

நீதான் நம்பலையே என்று குனிந்து கேட்டேன். கரகரத்த குரலில் என் காதுக்குள் சொன்னாள்:

"அப்பாவுக்காகம்மா. சொல்லிடாதீங்க."