கண்ணாடிக்குள் பூட்டிய பொம்மைகள்

என் செல்விக்கு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் எப்படி? இங்கே கம்மாய் வெடித்துக் கிடக்கிறது. அருப்புக்கோட்டையில் சரக்கு எடுத்துவிட்டு இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கடையைத் திறப்பதற்கு முன் பாப்பாவைப் பற்றி உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

உன் காரியம் முடிந்ததிலிருந்து வேணி வாயே திறக்கவில்லை. பசித்தால் என் சட்டையை இழுப்பாள், அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகளோடு விளையாடினால் பேச்சு வந்துவிடும் என்றார் டாக்டர். அதனால்தான் நம் ஊர் அங்கன்வாடியில் சேர்த்தேன். சுவரெல்லாம் புதுப் பெயின்ட், புதுப் படங்கள். பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை குறைந்தது. வெளியே இவ்வளவு மினுக்கினால் உள்ளே என்ன நடக்கிறதோ?

ஒரு நாள் சொல்லாமல் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் வாயில் விரல் வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கம் கொடுத்த பொம்மைகள் கண்ணாடி அலமாரிக்குள், பூட்டோடு. வேணி மட்டும் எழுந்துபோய்க் கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டி வைத்து நின்றாள்.

டீச்சர் தன் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நேராகவே கேட்டுவிட்டேன். "பொம்மையெல்லாம் யாருக்கு டீச்சர் பத்திரப்படுத்துறீக?"

அவர் முகம் வாடிவிட்டது. "ஏண்ணே இப்படிக் கேக்குறீக? போன தடவ ஒரு பொம்ம ஒடஞ்சதுக்கு எம்மேலதான் கேள்வி வந்துச்சு. அதிகாரி வாரப்ப தொறப்போம், போட்டோ எடுப்போம், பூட்டிருவோம்."

நான் நம்பவில்லை. அதிகாரி அம்மா வந்த அன்று கடையை அடைத்துவிட்டுப் போய் நின்றேன். டீச்சர் சொன்னபடியேதான் நடந்தது. போட்டோ முடிந்ததும் ஆயா ஒவ்வொரு பொம்மையாக வாங்கிக்கொண்டே வந்தார். வேணி கையில் ஒரு மரக்குதிரை.

"தர மாட்டேன்!"

செல்வி, அது நம் பிள்ளையின் குரல். உனக்குக் கேட்டதா?

"விடுங்க, வெளையாடட்டும்" என்று அதிகாரி சிரித்தார்.

"ஒடஞ்சா டீச்சரக் கேப்பீகளாமே?" என்றேன்.

"வெளையாண்டா ஒடையத்தான் செய்யும். யாரு கேக்கப்போறா?"

"இன்னைக்கு நீங்க சொல்றீக. நாளைக்கு வேற ஒருத்தவுக வந்து கேட்டா? எழுத்துல குடுங்கம்மா."

அவர் சிரிப்பு நின்றது. மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தப் பேச்சை நம்பி நான் உட்காரவில்லை. பிள்ளைகளின் தாய்மாரோடு சேர்ந்து திருச்சுழி அங்கன்வாடி ஆபீசுக்குத் திரும்பத் திரும்ப நடந்தேன். கடைசியில் உத்தரவு வந்தது: விளையாட்டில் உடையும் பொம்மைக்குப் பணியாளர் பொறுப்பில்லை. எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று அதைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

இப்போது அலமாரி திறந்தே கிடக்கிறது. டீச்சரும் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு விளையாடுகிறார். எல்லா மையங்களிலும் இப்படித்தான் என்கிறார்கள். நரிக்குடிப் பக்கத்து மையங்களையும் போய்ப் பார்த்தால்தான் நான் நம்புவேன்.

வேணி சண்டை போடுகிறாள், கத்துகிறாள், டீச்சர் மாதிரி என்னை அதட்டுகிறாள். நேற்று சோறு ஊட்டும்போது, "அம்மா எங்க?" என்று கேட்டாள். பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்ன சொல்வேன் செல்வி?

ஊருக்குப் போயிருக்கிறாய் என்று பொய் சொல்லி அவள் வாயை அடைக்க மாட்டேன். அவள் கேட்கும்போதெல்லாம் உன்னைப் பற்றிப் பேசுவேன். இது சத்தியம்.

வேணிக்கு அப்பன்,
உன் வீட்டுக்காரன்