நிற்கும் புள்ளிகள்

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். அங்கே அண்ணனும் அண்ணியும் நலமா? உன் நலத்தை விசாரிக்க எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் இரண்டு நீல டிக் வருகிறது, அதோடு சரி. அதனால்தான் இந்தக் கடிதம். அக்கா அமைதியாக உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதே. இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து மூடிவிட்டு வந்தேன்.

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு சொட்டு, எண்ணிவிட்டேன். என் நிலைமை அப்படி. "ரெண்டு பேரும் சேர்ந்து பாட்டுப் போட்டு வீட்டையே இடிச்சப்ப தலைவலின்னு கத்தினேன். இப்ப இந்த அமைதிதான் பெரிய தலைவலியா இருக்கு" என்று அம்மா தினமும் புலம்புகிறாள்.

போன மாதம் நீ அனுப்பிய ஒரே செய்தியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். "என் டர்ன்டேபிள் மோட்டார் புகைஞ்சு போச்சுல்ல, அதைத் தூக்கிப் போட்டுட்டு உனக்குப் புடிச்சதா ஒண்ணு வாங்கிக்கோ. ஒத்தக் காதை வெச்சுக்கிட்டு டிஜேன்னு நான் எங்க நிக்கிறது" என்று எழுதியிருந்தாய். உன் ஒரு காது போய்விட்டது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரே அறையில் படுத்துக்கொண்டு எங்களிடம் மறைத்திருக்கிறாயே, அழுத்தக்காரி. அண்ணியிடம் கேட்டேன். காய்ச்சலில் இடது காது போனதாம், இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

சரி, ரெக்கார்டு சுழற்றும் அந்த டர்ன்டேபிள். மூன்று தடவை கடைக்குப் போய் வந்தேன். நாம் ரேடியோ மாமா என்று கேலி செய்வோமே, வாயை மூடத் தெரியாத அந்தக் கடைக்காரர்தான். பெல்ட் வைத்த மாடல்களை அவரே ஓரங்கட்டிவிட்டார். ரெக்கார்டைக் கையால் நிறுத்திப் பிறகு விட்டால் பெல்ட் வழுக்கும், மறுபடி வேகம் பிடிப்பதற்குள் மானம் போய்விடும் என்றார். மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் மெஷின் மூன்றை மேஜையில் வரிசையாக வைத்தார்.

முதலாவது முரட்டு மோட்டார். விரலை எடுத்த கணமே முழு வேகம் பிடித்தது. இரண்டாவதில் பட்டனும் விளக்கும் கொட்டிக் கிடந்தன, பாட்டைப் பின்னாலிருந்துகூட ஓட்டலாமாம். மூன்றாவது எந்த அலங்காரமும் இல்லாத சாது. மாமா முதலாவதுக்காக மூச்சுவிடாமல் வாதாடினார். எனக்குப் பாதி வார்த்தை கேட்கவில்லை. ஏனென்றால் அவர் என் இடப்பக்கம் நின்றார், நான் இடது காதில் ரப்பர் அடைப்பானைத் திணித்து மேலே பஞ்சும் வைத்திருந்தேன்.

ஆமாம், பதினோரு நாளாக அப்படித்தான் திரிகிறேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும் எனக்கு. "என்னம்மா, நான் சொல்றது காதுல விழுதா இல்லியா?" என்று மாமா கோபித்துக்கொண்டார். விழவில்லை மாமா, இந்தப் பக்கம் வாங்க என்றேன். வந்தவர் விட்டதையும் சேர்த்துப் பேசித் தீர்த்தார்.

தட்டின் விளிம்பில் உள்ள புள்ளிகளை மட்டும்தான் நான் பார்த்தேன். வேகம் சரியாக இருந்தால், அந்த வேகத்துக்கான வரிசை அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் சுற்றாமல் நிற்பதுபோலத் தெரியுமே, அதை. (உனக்கே பாடம் எடுக்கிறேன் பார், பதற்றத்தில் வாய் நீளுகிறது.) மூன்று மெஷினிலும் வேகக் கட்டையை ஒரே அளவுக்குத் தள்ளினேன். முதலாவதில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. இரண்டாவதில் கட்டை நடுவில் வந்ததும் மாட்டிக்கொண்டது. உன் பழைய மெஷினும் இதே வேலையைத்தான் செய்யும், நீ காதால் அதைச் சரிக்கட்டுவாய். மூன்றாவதில் புள்ளிகள் அப்படியே நின்றன. அது சொல்லும் எண்ணை நம்பலாம். அதைத்தான் வாங்கியிருக்கிறேன். எனக்காக இல்லை, உனக்காக.

கோபப்படாமல் படி. நீ ஒவ்வொரு ரெக்கார்டிலும் நிமிடத்துக்கு எத்தனை தாளத் தட்டு என்று எழுதி மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாய் அல்லவா? அந்த எண்ணை வைத்துக் கட்டையைத் தள்ளினால் இரண்டு பாட்டின் வேகமும் கண்ணாலேயே சேர்ந்துவிடுகிறது. பாட்டு நுழையும் இடத்துக்கு மட்டும்தான் காது வேண்டும். பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸரில் ஒரு குமிழைத் திருப்பினால், ஓடுகிற பாட்டும் வரப்போகிற பாட்டும் ஹெட்போனில் ஒரே காதிலேயே சேர்ந்து கேட்கின்றன. சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். காதை அடைத்துக்கொண்டே பழகினேன், ஐந்து நாள் பாட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்தன. ஆறாம் நாள் சமையலறையிலிருந்து அம்மா, "ஆங், இப்ப ஒட்டிக்கிச்சு" என்று கத்தினாள். கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள், நான் அழுதுகொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின நாள் கடைத்தெருவில் இடப்பக்கமாக வந்த ஸ்கூட்டர் எனக்குக் கேட்கவே இல்லை. யாரோ ஒரு பெண் சட்டையைப் பிடித்து இழுத்தாள், தப்பித்தேன். ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான், நாம் கடைசியாகச் சேர்ந்து பாட்டு போட்ட அந்த மருத்துவமனை ஊழியர் விழா ஞாபகம் வந்தது. உன் பாட்டும் என் பாட்டும் தடம் மாறி ஓட ஆரம்பித்ததும் உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. திமிர் என்று நினைத்துவிட்டேன், வாலு. அத்தனை பேர் முன்னால் உன் கையைத் தட்டிவிட்டேன். அது போதாதென்று மைக்கில், "தங்கச்சிக்கு இன்னும் தூக்கம் கலையல போல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நின்றாய். அந்த முகம் என்னைத் தூங்க விடவில்லை. நான் செய்தது தப்பு. உன் காது விஷயம் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் தப்பு.

வருகிற இருபதாம் தேதி அவர்களே மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், அதே பகல் நேரம், அதே கூடம். இரண்டு பேரும் வருவீர்களா என்று கேட்டார்கள். சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அதே மைக்கில் அன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன். நீ வந்தால் அதை நேரில் கேட்பாய். ஒரே ஒரு பாட்டு போட்டுப் பார். பிடிக்கவில்லையென்றால் நானே உன்னை அண்ணன் வீட்டில் கொண்டுவிடுகிறேன், அப்புறம் வாயே திறக்க மாட்டேன். (இது நடக்கிற காரியமா என்று நீ கேட்பது தெரிகிறது.)

உடம்பைப் பார்த்துக்கொள். தெருவைக் கடக்கும்போது இடப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போ, தயவுசெய்து. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

புது மெஷின் நம் மேஜையில் தயாராக இருக்கிறது. இத்தனை வருஷமும் நான் உன் இடப்பக்கம் நின்றேன் அல்லவா, இன்று காலை மேஜையையே மாற்றிப் போட்டுவிட்டேன். இனி உன் வலப்பக்கம்தான் நிற்பேன். கூப்பிட்டால் உனக்குக் கேட்கும்.

உன் வழிபார்த்திருக்கும்,
அக்கா